விலை ஏறுகிறது; விவரம் எங்கே?

வாழ்வும் வணிகமும்



கடைத்தெரு வழியே செல்கின்றோம். நேற்றுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கடையின் முன்னால் இன்று பத்துப் பேர் முண்டியடித்து நிற்கின்றனர். அங்கே என்ன விற்கின்றார்கள் என்று தெரியாமலேயே நம் கால்கள் நின்றுவிடுகின்றன. ‘இத்தனை பேர் வாங்குகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும்’ என்று மனம் தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. அந்தப் பத்துப் பேரும் பொருளின் தரமறிந்து வந்தவர்களா, கடைக்காரரே கூலி கொடுத்து நிறுத்திய ஆட்களா, அல்லது நம்மைப் போலவே கூட்டத்தைக் கண்டு கூடியவர்களா என்னும் கேள்வி எழுவதற்கு முன்பே கை பணப்பைக்குப் போய்விடுகின்றது.

பங்குச் சந்தையில் இக்காட்சி அடிக்கடி நிகழ்வதுண்டு. அங்கே கூட்டத்தைக் கண்ணால் காண இயலாது. விலையும், கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையுமே கூட்டத்தின் அடையாளங்கள். பல மாதங்களாக எவரும் தொடாத ஒரு சிறிய சுரங்க நிறுவனத்தின் பங்கு திடீரென்று ஆயிரக்கணக்கில் வாங்கப்படுகின்றது. விலை நாளுக்கு நாள் உயர்கின்றது. நிறுவனமோ எந்த அறிவிப்பும் செய்யவில்லை. ‘உள்ளே இருப்பவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாங்குகிறார்கள்’ என்று நண்பர் ஒருவர் கைப்பேசியில் செய்தி அனுப்புகின்றார். மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த தொகையும், வளைகுடா நாட்டு வெயிலில் நின்று உழைத்தவர் அனுப்பிய தொகையும், பணி ஓய்வின்போது கிடைத்த தொகையும் இத்தகைய ஒரு வரிச் செய்தியை நம்பி இடம்பெயர்ந்துவிடுகின்றன.

அந்த ஒரு வரிச் செய்தியின் மதிப்பு என்ன என்பதை எடைபோட்டுப் பார்ப்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம். அதற்கு உதவியாகக் கனடா நாட்டில் ஒரே ஊரின் அருகில், ஓராண்டுக்குள் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம். இரண்டும் நீதிமன்றத்திலும் விசாரணை ஆணையத்திலும் அலசி ஆராயப்பட்டவை. ஆகவே, வெறும் வதந்தியை வைத்துப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை.

சிறு குளத்தில் விழும் கல்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு நிறுவனத்திற்கு 10 லட்சம் பங்குகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 8 லட்சம் நிறுவனத்தை நடத்துவோரிடம் உள்ளன. வெளியாரிடம் இருப்பவை 2 லட்சம். அவர்களிலும் பெரும்பாலோர் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள். எனவே நாளொன்றுக்குச் சராசரியாக 300 பங்குகளே கைமாறுகின்றன. விலை 10 ரூபாய்.

இப்போது ஒருவர் 50,000 ரூபாயுடன் வருகின்றார். அத்தொகைக்கு அவர் 5,000 பங்குகள் கேட்கின்றார். அதாவது, பதினாறு நாட்களுக்கும் மேலான வர்த்தகத்தை ஒரே நாளில் முடிக்க முற்படுகின்றார். 10 ரூபாய்க்கு விற்க முன்வந்த சிலரின் பங்குகள் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு 11 ரூபாய், 12 ரூபாய், 14 ரூபாய் என்று கொடுத்தால்தான் அடுத்தவர் விற்க இசைவார். மாலையில் விலைப்பட்டியலைப் பார்ப்பவருக்கோ, ‘ஒரே நாளில் நாற்பது விழுக்காடு ஏற்றம், பதினைந்து மடங்கு வர்த்தகம்’ என்று தோன்றும். உண்மையில் நடந்தது என்ன? ஒரே ஒருவர், ஒரு மோட்டார் சைக்கிளின் விலைகூடப் பெறாத தொகையைச் செலவழித்தார். அவ்வளவே!

கடலில் கல்லெறிந்தால் அலை எழாது. சிறு குளத்தில் எறிந்தால் கரைவரை வளையம் வரும். வர்த்தகம் மெலிந்த பங்கு ஒரு சிறு குளம். அதில் எழும் வளையத்தைக் கண்டு, விழுந்தது பாறையா கூழாங்கல்லா என்று கரையில் நிற்பவர் கூற இயலாது.

சுரங்கப் பங்கு என்றால் இந்த நிலை இன்னும் தீவிரமாகும். துணி ஆலையில் எத்தனை தறிகள் ஓடுகின்றன என்று சென்று எண்ணிப் பார்க்கலாம். பூமிக்கடியில் இருக்கும் தாதுவை எவர் எண்ணுவது? ஒரு துளையிட்டு, அதிலிருந்து எடுத்த பாறைத் தண்டைச் சோதனைக் கூடத்திற்கு அனுப்பி, முடிவு வரும்வரை அது புதையலாகவும் இருக்கலாம். வெறும் கல்லாகவும் இருக்கலாம். அந்த இடைப்பட்ட நாட்களே வதந்திக்கு வளமான நிலமாகும்.

முதல் துளை

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தின் வடபகுதியில் டிம்மின்ஸ் என்னும் சுரங்க ஊர் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பொன் எடுத்த ஊர் அது. 1960ஆம் ஆண்டு வாக்கில் பொன்சுரங்கங்கள் களையிழந்து, ஊரும் சோர்ந்து கிடந்தது.

டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்னும் அமெரிக்க நிறுவனம் 1957ஆம் ஆண்டு முதல் அப்பெரும் பரப்பில் உலோகத் தாதுவைத் தேடிவந்தது. வானூர்தியில் கருவிகளைப் பொருத்தி, நிலத்தின் மின்கடத்தும் தன்மையை அளந்து, ஐயத்திற்குரிய இடங்களைக் குறித்துக்கொண்டது. அத்தகைய இடங்களில் ஒன்று டிம்மின்ஸுக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1963 நவம்பர் 8ஆம் நாள் அங்கே முதல் துளையிடத் தொடங்கினர். நான்கே நாட்களில் 655 அடி ஆழம் சென்று நிறுத்தினர்.

வெளிவந்த பாறைத் தண்டைக் கண்ட நிலவியலாளருக்கு வியப்புத் தாங்கவில்லை. ஏறத்தாழ 600 அடி நீளத்திற்குத் தாமிரமும் துத்தநாகமும் செறிந்திருந்தன. கண்மதிப்பீட்டின்படி தாமிரம் 1.15 விழுக்காடு, துத்தநாகம் 8.64 விழுக்காடு. பின்னர் வந்த வேதியியல் சோதனையும் இந்தக் கணக்கை ஏறக்குறைய உறுதிசெய்தது. மேலும், அதில் கணிசமான வெள்ளியும் இருந்தது.

சுற்றியுள்ள நிலம் இன்னும் நிறுவனத்தின் கைக்கு வரவில்லை. செய்தி கசிந்தால் நிலத்தின் விலை வானுக்கேறும். எனவே தலைவர் கிளாட் ஸ்டீஃபன்ஸ் ரகசியம் காக்குமாறு ஆணையிட்டார். துளையிடும் பணி நிறுத்தப்பட்டது. பிறர் கண்ணுக்குப் போக்குக் காட்ட, தாதுவில்லாத வேறோர் இடத்திலும் ஒரு துளையிட்டனர். 1964 மார்ச் மாத இறுதிவரை நிலம் வாங்கும் வேலை அமைதியாக நடந்தது. இதனை நீதிமன்றமும் பின்னர்க் குற்றமாகக் கருதவில்லை.

ஆனால், அதே மாதங்களில் வேறொன்றும் அமைதியாக நடந்தது. செய்தியறிந்த அதிகாரிகளும் பணியாளர்களும், அவர்கள் காதில் ஓதிய நண்பர்களும் தம் நிறுவனத்தின் பங்குகளை வாங்கத் தொடங்கினர். அந்தத் துளைக்கு முன்னர் இவர்கள் அனைவரிடமும் சேர்ந்து இருந்தவை 1,135 பங்குகள் மட்டுமே. மார்ச் இறுதியில் அது 8,235 ஆயிற்று. அதோடு, பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் ‘கால்’ என்னும் உரிமை ஒப்பந்தங்கள் 12,300 பங்குகளுக்கு அவர்களிடம் இருந்தன. அதற்கு முன்பு ஒன்றுகூட இருந்ததில்லை! விலை ஏறும் என்று உறுதியாக நம்புபவரே இத்தகைய ஒப்பந்தத்திற்குப் பணம் கட்டுவார்.

டெக்சஸ் கல்ஃப் பெரிய நிறுவனம். நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஆகவே இந்தக் கொள்முதல் பெருங்கடலில் கரைந்துபோயிற்று. வர்த்தகம் மெலிந்த ஒரு சிறு பங்கில் இதே அளவு வாங்கியிருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்.

ஏப்ரல் மாதம் வதந்தி நாளிதழ்களை எட்டியது. ஏப்ரல் 12ஆம் நாள் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. வதந்திகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றும், உறுதியான முடிவுக்கு வரும் அளவுக்குத் துளையிடல் நடைபெறவில்லை என்றும் அது தணித்துப் பேசியது. அதை நம்பித் தம் பங்குகளை விற்றுவிட்டவர்கள் உண்டு. நான்கே நாட்கள் கழித்து, ஏப்ரல் 16ஆம் நாள், குறைந்தது 250 லட்சம் டன் தாது உள்ளது என்று அதே நிறுவனம் அறிவித்தது. முதல் துளை தொடங்கிய நாளில் 17 டாலருக்குச் சற்று மேல் இருந்த பங்கு, அறிவிப்பு நாளில் 36 டாலரையும், மே மாத நடுவில் 58 டாலரையும் கடந்தது.

அங்கே அமைந்த கிட் கிரீக் சுரங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாது வழங்கிய பெருஞ்சுரங்கமாயிற்று. துளை உண்மை, தாது உண்மை. வாங்கியோர் உண்மையிலேயே ஒன்றை அறிந்திருந்தனர்.

இரண்டாம் துளை

இந்த அறிவிப்பால் டிம்மின்ஸில் பெருங்காய்ச்சல் பரவிற்று. சுற்றுப்புற நிலமெங்கும் உரிமைக் கம்புகள் நடப்பட்டன. டொராண்டோ பங்குச் சந்தையில் சில சென்ட் விலைபெற்ற பங்குகளெல்லாம் துள்ளின. ‘டெக்சஸ் கல்ஃபுக்குப் பக்கத்து நிலம் எங்களுடையது’ என்று சொல்லிக்கொள்வதே ஒரு நிறுவனத்திற்குப் போதுமான தகுதியாயிற்று.

அவ்வாறு பக்கத்து நிலம் பெற்றவற்றுள் ஒன்று விண்ட்ஃபால் ஆயில்ஸ் அண்ட் மைன்ஸ் என்னும் சிறு நிறுவனம். அதனை நடத்தியவர்கள் வயோலா மக்மில்லனும் அவருடைய கணவர் ஜார்ஜும். வயோலா சாதாரணப் பெண்மணியல்லர். காடு மேடெல்லாம் அலைந்து தாது தேடி முன்னுக்கு வந்தவர். கனடாவின் தாது தேடுவோர் சங்கத்திற்கு 1944 முதல் 1964 வரை தொடர்ந்து தலைமை வகித்தவர். ‘அவர் இறங்கினால் அதில் பொருள் இருக்கும்’ என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை.

1964 ஜூலை முதல் நாள் விண்ட்ஃபால் தன் நிலத்தில் துளையிடத் தொடங்கியது. ஜூலை 3, வெள்ளிக்கிழமை, 530 அடி ஆழத்தில் திடீரென்று நிறுத்தியது. அன்று பங்கின் விலை 56 சென்ட்.

ஏன் நிறுத்தினர்? டெக்சஸ் கல்ஃபும் இவ்வாறுதானே துளையிட்டு, நிறுத்தி, வாய்மூடி இருந்தது? அங்கே மௌனத்திற்குப் பின்னால் புதையல் இருந்தது. எனவே இங்கும் இருக்க வேண்டும் என்று மக்கள் தாமே கணக்குப் போட்டனர். இன்ன விழுக்காடு தாமிரம், இன்ன விழுக்காடு துத்தநாகம் என்று எவரோ சொன்ன எண்கள் வாய்க்கு வாய் பரவின. திங்கட்கிழமை சந்தை திறந்தபோது வாங்குவோர் வெள்ளம்போல் வந்தனர். அந்த மாதத்திலேயே விலை ஐந்தரை டாலரைத் தாண்டியது. ஏறக்குறையப் பத்து மடங்கு!

இத்தனைக்கும், எடுத்த பாறைத் தண்டு உடனே சோதனைக் கூடத்திற்குச் செல்லவில்லை. வதந்தி பொய் என்று மறுக்க வேண்டியவர்கள் அதனைத் தெளிவாக மறுக்கவும் இல்லை. அந்த இடைவெளியில் மக்மில்லன் குடும்பத்தின் பங்குகள் ஏறிய விலைக்கு விற்கப்பட்டன. ஈட்டிய ஆதாயம் 10 லட்சம் டாலருக்கும் மேல்.

ஜூலை 30ஆம் நாள் மாலை, சந்தை மூடிய பிறகு, சோதனை முடிவு வெளியாயிற்று. வணிகப் பயனுள்ள தாது எதுவும் இல்லை! மறுநாள் விலை பாதாளத்தில் விழுந்தது. டிம்மின்ஸ் ஊர்மக்களும், டொராண்டோவின் சிறு சேமிப்பாளர்களும் வெறுங்கையுடன் நின்றனர்.

வலக்கை விற்க, இடக்கை வாங்க

ஒண்டாரியோ அரசு நீதிபதி ஆர்தர் கெல்லி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1965இல் அதன் அறிக்கை வெளிவந்தது. வயோலா மக்மில்லன் தொடர்பான மற்றொரு பங்கின் கதையும் இக்காலத்தில் அம்பலமாயிற்று. அது கன்சாலிடேட்டட் கோல்டன் ஆரோ என்னும் சுரங்கப் பங்கு. 1964 ஜூலையில் அந்தப் பங்கில் பெருமளவு வாங்கல் விற்றல் நடந்தது. வாங்கியவரும் அவரே, விற்றவரும் அவரே!

இது எவ்வாறு நடக்கும்? ஒருவர் பல தரகர்களிடம் கணக்கு வைத்துக்கொள்கின்றார். ஒரு தரகர் மூலம் விற்கின்றார். மற்றொரு தரகர் மூலம் அதனைத் தாமே வாங்குகின்றார். பங்கு எங்கும் போகவில்லை. பணமும் எங்கும் போகவில்லை. ஆனால் சந்தையின் பட்டியலில், ‘இத்தனை ஆயிரம் பங்குகள் இந்த விலைக்குக் கைமாறின’ என்று பதிவாகிவிடுகின்றது. பார்ப்பவர் அதனை மெய்யான தேவை என்று மயங்கி, கையிலிருப்பதைக் கொண்டுவந்து கொட்டுகின்றார். ஒருவரே இவ்வாறு செய்தால் ‘கழுவல் வர்த்தகம்’ என்பர். பலர் தமக்குள் வட்டமாகக் கைமாற்றிக்கொண்டால் அது ‘சுழல் வர்த்தகம்’.

இக்குற்றத்திற்காக 1967இல் வயோலா மக்மில்லனுக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சில வாரங்களில் விடுதலையானார். 1978இல் மன்னிப்பும் பெற்றார். விண்ட்ஃபால் தொடர்பான மோசடி வழக்கிலோ 1969இல் தம்பதியர் இருவரும் விடுவிக்கப்பட்டனர். வழக்கு மன்றத்தின் முடிவு அது. நீதியைக் கருதி அதனையும் இங்கே கூறவேண்டும். ஆயினும், பணமிழந்தவர்களுக்குப் பணம் திரும்பவில்லை.

டெக்சஸ் கல்ஃப் வழக்கில் 1968 ஆகஸ்டில் நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பளித்தது. பொதுமக்கள் அறியாத முக்கியச் செய்தியை அறிந்தவர், ஒன்று அதனை வெளியிட வேண்டும். இல்லையேல் அது வெளியாகும்வரை பங்கை வாங்காமலும் விற்காமலும் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒண்டாரியோவும் 1966இல் புதிய பங்குச் சட்டம் இயற்றி, நிறுவனத்தின் உள்ளே இருப்பவர் தம் பங்கு வர்த்தகத்தை வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்தது.

ஒரே தோற்றம், இரு வேறு அநீதிகள்

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

முதல் துளையின் பின்னால் வாங்கியவர்கள் உண்மையை அறிந்தவர்கள். இரண்டாம் துளையின் பின்னால் மக்களை வாங்கத் தூண்டியது வெறும் வதந்தி. ஆனால் தொலைவிலிருந்து விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே: மௌனம் காக்கும் நிறுவனம், துளையிட்டு நிறுத்திய நிலம், ஏறும் விலை. ‘உள்ளே இருப்பவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது’ என்னும் ஊகம் முதல் நிகழ்ச்சியில் மெய்யாயிற்று. இரண்டாவதில் குடும்பங்களைக் கவிழ்த்தது. அந்த ஊகத்தைச் சோதிக்கும் வழி எதுவும் அந்த ஊகத்திற்குள்ளேயே இல்லை. வெளியிலிருந்து ஓர் உண்மை வேண்டும். சோதனைக் கூடத்தின் முடிவே அந்த உண்மை.

மற்றொன்றையும் கவனியுங்கள். இரண்டு நிகழ்ச்சிகளிலும் பாதிக்கப்பட்டவர் வேறு வேறானவர். டெக்சஸ் கல்ஃபில் ஏமாந்தவர் விற்றவர். தம் கையிலிருப்பதன் மதிப்பறியாமல், அதனை அறிந்தவரிடமே குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். விண்ட்ஃபாலில் ஏமாந்தவர் வாங்கியவர். மதிப்பில்லாததை, மதிப்புள்ளதுபோல் காட்டிய விலைக்கு வாங்கிவிட்டார்.

மதரஸாவில் வணிக இயல் பாடம் நடத்துகையில் இரண்டு தடைகளை அடுத்தடுத்து விளக்குவது வழக்கம். ஒன்று, சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே வழிமறித்து வாங்குவது. சந்தை நிலவரம் அறியாத அந்தப் பயணி தம் பொருளைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார் என்பதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். இரண்டாவது, ‘நஜ்ஷு’. வாங்கும் எண்ணமில்லாமலேயே பொருளின் விலையை உயர்த்திக் கேட்டு, மற்றவரை ஏற்றிவிடுவது. அதுவும் தடுக்கப்பட்டது. பதுங்கியிருக்கும் வேட்டை விலங்கை வலையை நோக்கிக் கிளப்பிவிடுவதற்கு அரபு மொழியில் வழங்கும் சொல்லே இதற்கும் வேராகும். என்ன பொருத்தமான சொல்!

முதல் தடை, அறியாத விற்பவரைக் காக்கின்றது. இரண்டாம் தடை, அறியாத வாங்குபவரைக் காக்கின்றது. டிம்மின்ஸின் இரண்டு துளைகளும் இவ்விரண்டு தடைகளுக்கும் நவீன கால எடுத்துக்காட்டுகள்போல் அமைந்துள்ளன. ஒட்டகத்தின் முதுகில் வந்த சரக்கு இன்று மின்னணுக் கணக்கில் வருகின்றது. அறிந்தவன் அறியாதவனின் பணத்தை எடுத்துக்கொள்ளும் முறை மட்டும் மாறவில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ‘உள்செய்தி கிடைத்தது, வாங்குங்கள்’ என்று ஒருவர் கூறுகின்றார். அச்செய்தி பொய்யானால் நாம் வேட்டையாடப்படுகின்றோம். மெய்யானால், அறியாத ஒருவரை வழிமறித்து வாங்கும் கூட்டத்தில் நாமும் சேர்கின்றோம். இரு வழியிலும் நன்மை எங்கே இருக்கின்றது?

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நம் நாட்டிலும் இவை சட்டப்படி குற்றங்களே. பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி, உள்தகவல் வர்த்தகத்திற்கெதிராக 1992இல் விதிகள் வகுத்தது. 2015இல் அவற்றைப் புதுப்பித்தது. பொய்யான வர்த்தகத் தோற்றத்தை உண்டாக்குவதை 2003ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்கின்றன. ஆனால் சட்டத்தின் கை நீளும்போது நம் பணம் பெரும்பாலும் கைமாறியிருக்கும். எனவே முன்னெச்சரிக்கை நம்மிடமே இருக்க வேண்டும்.

வர்த்தகம் மெலிந்த சுரங்கப் பங்கொன்று திடீரென்று ஏறுவதாக எவரேனும் கூறினால், கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனம் என்ன சொல்லியிருக்கின்றது? காரணமின்றி விலை ஏறினால் பங்குச் சந்தை நிறுவனத்திடம் விளக்கம் கேட்பதுண்டு. கேள்வியும் பதிலும் சந்தையின் இணையப் பக்கத்தில் வெளியாகும். ‘எங்களிடம் வெளியிடாத செய்தி எதுவுமில்லை’ என்பது பதிலாயின், நண்பரின் செய்தி எங்கிருந்து வந்தது?

துளையா, சோதனை முடிவா? துளையிட்டதும், கண்மதிப்பீடும், பக்கத்து நிலத்தில் தாது கிடைத்ததும் நம் நிலத்தில் தாது உண்டென்பதற்குச் சான்றாகா. சோதனை செய்த கூடத்தின் பெயரும், அறிக்கையில் கையொப்பமிட்ட வல்லுநரின் பெயரும் வேண்டும். 1997இல் இந்தோனேசியாவின் புசாங் பகுதியில் பெரும்பொன் இருப்பதாகக் கூறிய பிரீ-எக்ஸ் என்னும் கனடா நிறுவனத்தின் மாதிரிகளில் பொன்துகள் வெளியிலிருந்து கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதன்பின், சுரங்க அறிக்கைகளுக்குத் தகுதிபெற்ற வல்லுநர் பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதி 2001இல் கனடாவில் நடைமுறைக்கு வந்தது. சோதனை முடிவையும்கூட, யார் சோதித்தார் என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

கைமாறிய பங்குகள் உண்மையிலேயே புதியவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தனவா? ஒரு நாளில் வாங்கி விற்கப்பட்ட பங்குகளில் எத்தனை உண்மையில் ஒப்படைக்கப்பட்டன என்னும் விவரத்தை நம் சந்தைகள் வெளியிடுகின்றன. வர்த்தகம் மலைபோலவும் ஒப்படைப்பு மடுவாகவும் இருந்தால், அதே பங்குகள் சுற்றிச் சுற்றி வந்திருக்கக்கூடும். அன்றன்றே வாங்கி விற்போராலும் இது நேரும். ஆகவே இதனை முடிவான சான்றாகக் கொள்ளாமல், எச்சரிக்கை மணியாகக் கொள்க.

நாம் விற்க விரும்பும் நாளில் வாங்க ஆள் உண்டா? நாளுக்கு 300 பங்குகள் கைமாறும் சந்தையில் 5,000 பங்குகளை வாங்கியவர் அவற்றை யாரிடம் விற்பார்? அவர் உள்ளே நுழையும்போது விலையை ஏற்றிய அதே குறுகிய வாயில், வெளியே வரும்போது விலையை இறக்கும். ஏட்டில் தெரியும் ஆதாயம் கைக்கு வந்த ஆதாயமன்று.

இறுதியாக, சொல்பவர் எப்போது வாங்கினார்? குறைந்த விலைக்கு வாங்கிவைத்திருப்பவருக்கு, அதிக விலைக்கு வாங்க ஒருவர் தேவை. அந்த ஒருவர் நாமாக இருக்கலாகாது.

இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? எதுவும் செய்ய வேண்டாம். ஒருவேளை அந்தப் பங்கின் அடியில் மெய்யாகவே ஒரு கிட் கிரீக் இருந்து, நாம் அதனைத் தவறவிட்டதாகவே இருக்கட்டும். தவறவிட்ட ஆதாயத்தால் எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்ததில்லை. விண்ட்ஃபாலில் போட்ட பணமோ அணைத்துவிடும்.

1964 ஜூலையில், சோதனை முடிவு வரும்வரை பொறுத்திருந்தவர் இழந்தது ஒன்றுமில்லை. பொறுக்க வேண்டிய காலமும் நான்கு வாரங்களுக்குக் குறைவே. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்திற்கு நான்கு வாரப் பொறுமையை நம்மால் தர இயலாதா? குடும்பத் தலைவர்களும் தலைவிகளும், இன்று புதிதாகக் கணக்குத் தொடங்கும் இளைஞர்களும் இதனைத் தம் வீடுகளில் பேசிப் பார்க்க வேண்டுகிறேன்.